உளவியல் கற்பது யார் மீது கடமை?

வேறொரு துறையில் பட்டம் பெற்று, ஆசிரியராகவோ வங்கி உத்தியோகத்தராகவோ மௌலவியாகவோ பல ஆண்டுகள் பணிபுரிந்துவிட்ட ஒருவர், உளவியல் இளமாணிப் படிப்பை முதலாம் ஆண்டிலிருந்து தொடங்காமல், அதற்கு ஈடான அடிப்படையைக் குறுகிய காலத்தில் பெற்றுக்கொள்ள வழிசெய்யும் படிப்பே மாற்றுப் பாடநெறி எனப்படுகிறது. பிரித்தானியாவில் நன்கு வேரூன்றிய இவ்வகைப் பாடநெறிகளுள் பிரித்தானிய உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவை, முழுநேரமாயின் ஓராண்டிலும் பகுதிநேரமாயின் பெரும்பாலும் ஈராண்டிலும் முடிகின்றன. அவற்றுட் சில இணையவழியாகவே நடப்பதால் கல்முனைக்குடியிலோ மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ வீட்டிலிருந்தபடியே சேர்ந்து படிக்கவும் இயலும். இலங்கைக்குள் இவற்றுக்கு நெருங்கியவை, வார இறுதிகளில் நடத்தப்படும் உளவியல், உளவளத்துணை டிப்ளோமாக்களும் அவற்றைத் தொடரும் பட்டப்பின் படிப்புகளும் ஆகும். இவற்றுள் எதைத் தேர்வது என்பது கட்டணம், காலம், வேலைவாய்ப்பு ஆகிய மூன்றையும் கூட்டிக் கழித்துத் தீர்க்கும் கணக்காகவே பெரும்பாலும் நடத்தப்படுகிறது. அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களிலோ இக்கணக்குக்கு முன்னரே வேறொரு கேள்வி வந்து நிற்கிறது: மார்க்கத்தில் இப்படிப்புக்கு இடம் என்ன?

கேள்வி வழக்கமாகக் கூடுமா, கூடாதா என்ற வடிவில் எழுகிறது. விடைகளும் அதே வேகத்தில் வருகின்றன. உள்ளத்துக்குக் குர்ஆனே மருந்தாக இருக்க மேற்கத்தேய உளவியல் எதற்கு என்பார் ஒரு சாரார். அறிவு எங்கிருந்தாலும் முஃமினுக்கு உரியதே என்பார் மறு சாரார். இரண்டு விடைகளுமே அவசரமானவை. முதல் விடை, நோயுற்றவர் ஓதவும் வேண்டும், மருந்தும் உண்ண வேண்டும் என்று பள்ளிவாசல் மிம்பரிலேயே சொல்லப்படுவதைக் கவனிப்பதில்லை. இரண்டாம் விடை, எவருடைய செலவில், எவ்வரிசையில், எந்தத் தகுதிக்காக அந்த அறிவு தேடப்படுகிறது என்பதைக் கேட்பதில்லை. இஸ்லாமிய அறிவு மரபில் இதற்குப் பொருத்தமான சட்டகம் வேறொன்று உண்டு. ஓர் அறிவு ஆகுமானதா என்பதோடு நில்லாமல் அது யார் மீது கடமை, எந்தக் கடமைக்கு அடுத்த கடமை என்று கேட்பது அச்சட்டகத்தின் இயல்பு.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது இஹ்யா உலூமித்தீனின் நாற்பது நூல்களுள் முதலாவதாக அமைந்த கல்வி பற்றிய நூலில் கடமையான அறிவை இரண்டாக வகுக்கிறார். ஒவ்வொரு தனி மனிதரும் தாமே நிறைவேற்ற வேண்டியது பர்ளு ஐன். ஊரில் போதிய தொகையினர் நிறைவேற்றினால் ஏனையோரின் பொறுப்பு நீங்கிவிடுவதும், எவருமே நிறைவேற்றாவிடின் ஊர் முழுவதும் குற்றத்துக்கு உள்ளாவதும் பர்ளு கிஃபாயா. ஜனாஸாவைக் குளிப்பாட்டித் தொழுவித்து அடக்குவது இரண்டாவதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. மருத்துவத்தையும் கணக்கையும் கஸ்ஸாலி இவ்வகையிலேயே சேர்க்கிறார். சேர்த்த பின்னர் தம் காலத்து ஆலிம்களை நோக்கி ஒரு கடுமையான வினாவையும் எழுப்புகிறார்: முஸ்லிமான வைத்தியர் ஒருவர்கூட இல்லாத ஊர்கள் எத்தனையோ இருக்க, பிக்ஹு எனும் சட்டக் கலையின் நுண்விவாதங்களைக் கற்பதற்கு மட்டும் கூட்டம் முண்டியடிப்பது ஏன்? அவரே காட்டும் காரணம் கூச்சமற்றது. சட்டம் கற்றவருக்கு வக்பு நிர்வாகமும் நீதிபதிப் பதவியும் அநாதைகளின் சொத்துப் பொறுப்பும் வாய்க்கின்றன, வைத்தியம் கற்றவருக்கு அவை வாய்ப்பதில்லை.

ஒன்பது நூற்றாண்டுகளின் பின்னர் கல்முனைக் கரையில் இந்த முறைப்பாடு தலைகீழாகிவிட்டது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்கு ஏறும் கூட்டமும், டொக்டர் மாப்பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கப்படும் வீடும், வைத்தியம் இன்று எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லப் போதுமானவை. கஸ்ஸாலியின் வாதத்தில் வைத்தியம் என்ற பெயர் முக்கியமன்று. தேவை ஓரிடத்திலும் கூட்டம் இன்னோரிடத்திலும் இருப்பதே அவர் சுட்டிய கோளாறு. அவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், உடலை விட்டு உள்ளத்தின் பக்கம் திரும்ப முனையும் நடுவயது ஆசிரியை ஒருவர், ஊர் மறந்திருக்கும் ஒரு கிஃபாயாவின் பக்கம் திரும்புகிறார் என்று சொல்ல இடமுண்டு.

தேவை உண்மையானதுதானா என்பதை ஐயுற வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுந்த உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர், அவர்களுள் பெரும்பங்கினர் மருதமுனை முதல் காரைதீவு வரையான குறுகிய கரைப் பட்டையைச் சேர்ந்தவர்கள். அதற்கு முன்னர் போர். பின்னர் 2019 ஏப்ரல் 26 இல் சாய்ந்தமருதில் நடந்த குண்டுவெடிப்பும் அதையடுத்து ஒவ்வொரு வீட்டின் மீதும் படிந்த சந்தேகமும் அவமானமும். அதற்கு மறு ஆண்டே, கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்களை எரித்தாக வேண்டும் என்ற அரச ஆணை. குளிப்பாட்டாமல், கபனிடாமல், அடக்கத்துக்கு மண்ணின்றித் தாயையோ தந்தையையோ நெருப்புக்குக் கொடுத்த பிள்ளைகளின் துயரம், 2021 பெப்ரவரியில் அவ்வாணை நீக்கப்பட்டு மார்ச் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியதோடு முடிந்துவிட்டதாகக் கருத முடியாது. அத்துயரத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளக் குளிப்பாட்டல் என்றால் என்னவென்று அறிந்த காது வேண்டும்.

ஆயினும் தேவை இருக்கிறது என்பதாலேயே தேவைப்படுவது உளவியல்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆழிப்பேரலைக்குப் பின் வந்த மாதங்களில் கரையோர முகாம்களுக்குப் பல நாட்டு ஆலோசகர்கள் மொழிபெயர்ப்பாளர்களுடன் வந்து இறங்கினர். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010 இல் வெளியிட்ட நூலில் ஒரு முழு இயலையே இதற்கு ஒதுக்கி, நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு என்ற ஒரே நோய்ப்பெயரைச் சுமந்துகொண்டு வந்தவர்கள் இலங்கையர் தம் துன்பத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கேட்கத் தவறியதைக் காட்டுகிறார். அவர் எடுத்தாளும் இலங்கை உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோவின் ஆய்வுகள், இங்கு துன்பம் உடல் நோவாகவும் உறவுகளின் முறிவாகவும் பேசப்படுவதை வெளிப்படுத்தின. கரையோரப் பெண் ஒருவர் வைத்தியசாலையில் நெஞ்சு இறுக்கம், கைகால் உளைவு, நெடுக யோசனை என்று சொல்லும்போது அவர் உண்மையில் எதைச் சொல்கிறார் என்பது, மொழிபெயர்ப்பாளர் ஒரு நாளில் கடத்திக் கொடுக்கக்கூடிய செய்தி அன்று. மகளின் கணவன் வீட்டோடு பேச்சற்றுப் போனதுதான் அந்த இறுக்கத்தின் பெயராக இருக்கக்கூடும்.

இப்படிப்பை ஏற்பவருக்கு வேறு கடமைகளும் உள்ளன; இந்த இடத்திலேதான் பகுதிநேரம் என்ற சொல் வெறும் வசதிக் குறிப்பாக இல்லாமல் ஒழுக்கவியற் பொருள் கொள்ளத் தொடங்குகிறது. பர்ளு ஐனைப் பாழாக்கிவிட்டுப் பர்ளு கிஃபாயாவில் மூழ்கியபடி தான் உண்மையையே தேடுவதாகச் சொல்பவர் பொய்யர் என்பது கஸ்ஸாலியின் தீர்ப்பு. மனைவி மக்களுக்கும் இயலாத பெற்றோருக்கும் உணவும் உடையும் இருப்பிடமும் கொடுப்பதாகிய நபகா, ஆண்மகன் மீது தனிப்பட்ட கடமை. எனவே மாத வருமானத்தை உதறிவிட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவை மாமனாரின் தலையில் வைத்து, முழுநேரப் படிப்புக்குப் புறப்படுபவர் ஒரு கிஃபாயாவுக்காக ஓர் ஐனை உடைக்கிறார். சட்ட நூல்களின்படி குடும்பச் செலவைச் சுமக்கும் கடமை மனைவிக்கு இல்லை, அவள் சம்பளம் அவளுக்கே உரியது. ஆனால் இவ்வூர்களில் ஆசிரியைகளின் சம்பளமே பல வீடுகளின் இரண்டாம் தூணாக இருப்பதால், நூலிலுள்ள இச்சலுகை நடைமுறையில் அவர்களை எட்டுவது அரிது. வேலையையும் வீட்டையும் வைத்துக்கொண்டு ஈராண்டு, மூவாண்டு நீளும் படிப்பைத் தேர்வது முழுநேரத்துக்கு இயலாதவரின் குறைப்படிப்பு என்ற எண்ணம் அதனால் பிழையானது. கடமைகளின் வரிசை அப்படிப்பட்ட ஒரு காலப்பங்கீட்டையே கோருகிறது.

வாழ்வின் நடுவில் துறை மாறுவதற்கு எடுத்துக்காட்டாகக் கஸ்ஸாலியின் வாழ்வே அடிக்கடி காட்டப்படுகிறது. 1095 இல், நாற்பது வயதை எட்டுமுன், பக்தாத் நிஸாமிய்யா மதரசாவின் உயர்ந்த ஆசனத்தில் இருந்த அவருக்குத் திடீரெனப் பாடம் சொல்ல நா எழவில்லை, உணவு இறங்கவில்லை. பார்த்த வைத்தியர்கள், நோய் உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவியிருக்கிறது, உள்ளத்தின் கவலை நீங்காமல் மருந்து பயன் தராது என்று கைவிரித்தனர். அவர் பதவியைத் துறந்து டமஸ்கஸ் சென்றார். இவ்வரலாற்றைச் சொல்லி முழுநேரத் துறவை நியாயப்படுத்துவோர், அவர் தமது அல்முன்கித் நூலில் எழுதியுள்ள இன்னொரு செய்தியைத் தவறவிடுகின்றனர்: சொத்தைப் பங்கிட்டுக் கொடுத்தபோது பிள்ளைகளின் வாழ்வுக்குப் போதுமானதை ஒதுக்கி வைத்த பின்னரே அவர் புறப்பட்டார். கட்டணத்துக்கு வட்டிக் கடன் எடுப்பதா என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்ததுதான். அலகு அலகாகக் கட்டணம் செலுத்த இடந்தரும் பகுதிநேரப் பாடநெறி, வட்டியென்னும் ஹராமுக்குள் நுழையாமலே படிப்பை முடிக்க வழிவிடுகிறது; நாணய மதிப்புச் சரிந்த ஒரு நாட்டிலிருந்து பவுணில் பணம் கட்டுபவருக்கு இது சிறிய நன்மை அன்று.

அல்முன்கித் நூலில் கஸ்ஸாலி செய்யும் இன்னொரு காரியமும் துறை மாறுபவருக்கு உரியது. தமது கற்பித்தலைத் தாமே சோதித்து, அது அல்லாஹ்வுக்காக அன்றிப் பெயருக்காகவும் பதவிக்காகவும் நடந்துகொண்டிருந்ததைக் கண்டதாக அவர் எழுதுகிறார். நிய்யத் எனப்படும் எண்ணத்தைச் சோதிக்கும் இம்மரபு, உளவியலைத் தேர்வோரிடம் குறிப்பாகக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. தம் சொந்த மனவடுவுக்கு மருந்து தேடியே பலர் இத்துறைக்கு வருகின்றனர். அதில் குற்றமில்லை, ஆனால் தமக்கு வேண்டிய மருந்தைப் பிறருக்கும் அதே அளவில் கொடுக்கத் தொடங்கினால் கெடுதி உண்டாகும். தமக்குச் சிகிச்சை தேவையெனின் சிகிச்சையை நாடுவதும், பிறருக்குத் துணையாக வேண்டுமெனின் படிப்பை நாடுவதும் வேறு வேறு வழிகள் என்பதை விண்ணப்பப் படிவத்தை நிரப்புமுன் பிரித்துக்கொள்வது நல்லது.

அடுத்த ஐயம் பாடத்தின் உள்ளடக்கத்தைப் பற்றியது. அங்கீகாரம் பெற்ற மாற்றுப் பாடநெறி எதுவாயினும் மூளையும் உயிரியலும், அறிதல், வளர்ச்சி, சமூக நடத்தை, ஆளுமை வேறுபாடு, ஆய்வு முறையும் புள்ளிவிபரமும் ஆகியவற்றைக் கற்பித்து, சொந்தமாக ஓர் ஆய்வையும் செய்விக்கும். இவற்றில் ரூஹ் எனப்படும் ஆன்மா இல்லை. கஸ்ஸாலி இஹ்யாவின் இருபத்தோராம் நூலில் பொருள் பிரித்து விளக்கும் கல்பு, ரூஹ், நப்ஸ், அக்ல் என்ற நான்கில், உளவியல் அளந்து பார்ப்பது பெரும்பாலும் கடைசி இரண்டின் வெளிப்பாடுகளையே. தீமைக்குத் தூண்டும் நப்ஸ், தன்னையே கடிந்துகொள்ளும் நப்ஸ், அமைதியடைந்த நப்ஸ் என்று மதரசாவில் படித்த ஒருவருக்கு, வினாக்கொத்தும் சராசரியும் நியம விலகலும் நிறைந்த பாடப்புத்தகம் வறண்டதாகத் தோன்றுவது இயல்பு. அவ்வறட்சியைக் கண்டு விலகி, இஸ்லாமிய உளவியல் என்ற பெயரோடு சில மாதங்களில் சான்றிதழ் தரும் இணையவழி வகுப்புகளுக்குப் போய்ச் சேருவோரும் உண்டு.

இவ்விடத்தில் சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரியின் (1932–2021) நிலைப்பாடு சரியாகப் புரிந்துகொள்ளப்பட வேண்டியது. முஸ்லிம் உளவியலாளர்கள் மேற்கத்தேயக் கோட்பாடுகளைக் கண்மூடிப் பின்தொடர்வதை அவர் 1979 இல் வெளியிட்ட நூலில் உடும்புப் பொந்துக்குள் நுழைவதற்கு ஒப்பிட்டுச் சாடினார்; அவ்வொப்புமை ஹதீஸிலிருந்து எடுத்தது. மயக்கம், சமரசம், விடுதலை என்ற மூன்று கட்டங்களினூடாக முஸ்லிம் உளவியலாளர் கடந்து வருவதாகவும் அவர் கூறினார். அவருடைய பெயரைச் சொல்லி மேற்கத்தேயப் பாடநெறியை ஒதுக்குவோர், அவர் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், நடத்தைச் சிகிச்சையில் கைதேர்ந்தவர் என்பதை மறந்துவிடுகின்றனர். பொந்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவரால்தான் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டு எதை விடலாமென்று சொல்ல முடிகிறது. முழுமையான, கண்டிப்பான, அங்கீகாரமுள்ள பாடநெறியை முதலில் முடித்துவிட்டு மரபு நூல்களுக்குத் திரும்புவதே அவர் வாழ்ந்து காட்டிய வரிசை.

திரும்பும்போது கிடைப்பவை கொஞ்சமல்ல. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ உடலையும் ஆன்மாவையும் பேணுவது பற்றி எழுதிய நூலில், காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் தெரியாத துயரத்தையும் பிரித்து, பின்னதை உடலிலிருந்து எழுவதாகக் கொண்டு உடலுக்கே மருத்துவம் சொன்னார். வஸ்வாஸ் எனப்படும் விடாப்பிடி எண்ணங்களுக்குத் தனியிடம் ஒதுக்கினார். ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த அபூ முஹம்மத் அல்ஜுவைனீ இவ்வஸ்வாஸுக்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். வுழூச் செய்த கையை மீண்டும் மீண்டும் கழுவுவதும், தொழுகையில் தக்பீர் கட்டிவிட்டு நிய்யத் சரியாக வந்ததா என்ற ஐயத்தில் கையை இறக்கி மறுபடி உயர்த்துவதும், பக்கத்து ஸப்பில் நிற்பவர் இரண்டாம் றக்அத்துக்குப் போன பின்னும் முதல் தக்பீரோடு போராடிக்கொண்டிருப்பதும் இக்கரைப் பள்ளிவாசல்களில் எவரும் காணாத காட்சிகள் அல்ல. அந்த ஐயத்துக்கு இடங்கொடாமல், திரும்பச் செய்யாமல், தொழுகையைத் தொடர வேண்டுமென்பதே சட்ட அறிஞர்களின் பொதுவான அறிவுரை. 1966 இல் விக்டர் மேயர் என்பவர் இலண்டனில் வகுத்த சிகிச்சை முறையும், நோயாளியைப் பதற்றம் தரும் சூழலில் நிறுத்தி, பதிலாகச் செய்யும் சடங்கை மட்டும் தடுப்பதையே அடிப்படையாகக் கொண்டது. பிக்ஹு நூல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியது. அதைச் செய்ய முடியாமல் தவிப்பவரைப் படிப்படியாக அங்கே கொண்டுசேர்க்கும் முறையை உளவியல் சேர்த்துத் தந்தது. இரண்டையும் அறிந்த ஒருவர் ஊரில் இருந்தால், ‘ஈமான் குறைவு’ என்ற ஏச்சு ஒன்றாவது அந்த நோயாளிக்குக் குறையும்.

பாடப்புத்தகத்தின் அளவுகோல்கள் ஊரின் காலக்கணக்கோடு மோதும் இடங்களும் உண்டு. மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் பிஎச்க்யூ ஒன்பது என்னும் வினாக்கொத்து, கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, களைப்பு, கவனம் முதலியவை எப்படி இருந்தன என்று ஒன்பது வினாக்கள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை புள்ளியிடுகிறது. ரமழானின் கடைசிப் பத்தில், ஸஹருக்கு எழுந்தும் இராத்தொழுகையில் நின்றும் பகலில் நோன்பிருந்தும் வருபவரிடம் இவ்வினாக்களைக் கேட்டால் தூக்கத்துக்கும் பசிக்கும் களைப்புக்கும் புள்ளி ஏறுவதற்கு மனச்சோர்வே தேவையில்லை. துக்கத்தின் அளவு இன்னும் சிக்கலானது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, அண்மையில் உறவினரை இழந்தவருக்கு மனச்சோர்வு என்ற நோய்ப்பெயரைச் சூட்டாதிருக்க அதுவரை இருந்த விதிவிலக்கை நீக்கியது; எனவே இரண்டு வாரம் கடந்த துயரம், ஏனைய அறிகுறிகள் சேருமாயின், நோயாக எண்ணப்படக்கூடும். ஷரீஅத்தோ, ஏனைய உறவினருக்கு மூன்று நாளும், கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் துக்கம் அனுட்டிக்க வகுத்து, அதற்கு இத்தா என்ற சட்ட வடிவத்தையும் தந்துள்ளது. இத்தாவில் இருப்பவள் அலங்காரமின்றி வீட்டோடு இருப்பது நோயின் ஒதுக்கமா, விதியின் நிறைவேற்றமா என்பதைப் புள்ளிகளைக் கூட்டிச் சொல்ல முடியாது. அதே வேளை, இத்தா முடிந்து ஓராண்டு கழிந்தும் எழ முடியாதவளுக்கு உதவி தேவை என்பதை இத்தாவின் கணக்கு மட்டும் சொல்லித் தரவும் மாட்டாது.

உடல் கிடைக்காதவர்களின் நிலை இவை எல்லாவற்றிலும் ஆழமானது. அலை இழுத்துச் சென்று திரும்பாதவரையும் போரில் கொண்டுசெல்லப்பட்டு வராதவரையும் பிக்ஹு நூல்கள் மப்கூத், அதாவது காணாமற்போனவர், என்ற தலைப்பில் ஆராய்கின்றன; அவர் உயிரோடிருப்பதாகக் கொள்வதா, மனைவி எவ்வளவு காலம் காத்திருப்பது, சொத்தை எப்போது பங்கிடுவது என்பவற்றில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. மாலிகி மத்ஹப் நான்கு ஆண்டுகள் என்கிறது. ஷாபிஈ இமாமின் பிந்திய கருத்து, இறப்பு உறுதிப்படும்வரை காத்திருக்கச் சொல்கிறது. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், இறப்பு உறுதியாகாத இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு எனப் பெயரிட்டு 1999 இல் நூலாக்கினார். முடிவு தெரியாத துயரத்தை முடித்துவைக்க வற்புறுத்துவது தவறு, இல்லாமையையும் இருக்கக்கூடிய சாத்தியத்தையும் ஒருங்கே சுமக்கப் பழக்குவதே உதவி என்பது அவர் வாதம். உடல் முன்னில்லாமல் தொழும் காஇப் ஜனாஸாவைத் தொழுவிப்பதா வேண்டாமா என்று பள்ளி நிர்வாகம் விவாதித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் நுழையும் உளவளத்துணையாளர், அவ்விவாதம் வெறும் சட்டச் சிக்கல் அன்று, ஒரு தாய் தன் மகனை இறந்தவன் என்று சொல்லும் முதற் சொல் அதில் தொங்குகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். பிக்ஹு கற்ற மௌலவி ஒருவர் நடுவயதில் உளவியலுக்கு வருவதால் கிடைக்கும் பயன் இத்தகைய இடங்களிலேதான் உள்ளது.

சிகிச்சை அறையின் ஒழுக்கவிதிகளும் புதிய கேள்விகளை எழுப்புகின்றன. உளவளத்துணைக்கு மூடிய கதவு வேண்டும், மார்க்கமோ அந்நிய ஆணும் பெண்ணும் மூடிய அறையில் தனித்திருப்பதாகிய கல்வத்தைத் தடுக்கிறது. கதவில் கண்ணாடிப் பட்டை பதிப்பதால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒலி வெளியே போகாது, உருவம் மட்டும் தெரியும். பெண் உளவளத்துணையாளர் பெருகுவது இன்னும் நல்ல தீர்வு, இவ்வூர்களின் ஆசிரியைகள் இப்பாடநெறிகளை நாடுவதற்கு வலுவான நியாயமும் அதுவே. கடினமான கேள்வி அறைக்குள் பேசப்படுவது பற்றியது. கணவனின் குறையை மனைவி சொல்வது புறமாகுமா? ஷாபிஈ சட்ட அறிஞர் இமாம் நவவி (1233–1277) புறம் பேசுதல் ஆகுமாகும் ஆறு சந்தர்ப்பங்களை வகுத்து, அநீதியை முறையிடுவதையும் தீர்வு கேட்பதையும் அவற்றுள் அடக்குகிறார்; அபூ ஸுப்யானின் கஞ்சத்தனத்தை அவர் மனைவி ஹிந்த் நபிகள் நாயகத்திடம் (ஸல்) முறையிட்ட நிகழ்வு இதற்கு ஆதாரம். உதவி நாடிச் சொல்லப்படுவது, தேவையான அளவுக்கு மேற்போகாத வரையில், இவ்வகையில் அடங்கும்.

அதைவிடக் கடினமானது, தன் பாவத்தைத் தானே சொல்வது. அல்லாஹ் மறைத்துவைத்ததை அடியான் வெளிப்படுத்தலாகாது என்பது மார்க்கத்தின் அழுத்தமான போதனை. சொல்லித் தீர்த்தால் சுமை இறங்கும் என்பது பேச்சுச் சிகிச்சையின் அடிப்படை. இவ்விரண்டையும் எளிதில் இணக்கிவிடலாம் என்று நடிப்பது நேர்மையாகாது. சாத்தியமான நிலைப்பாடு ஒன்றே: சிகிச்சைக்குத் தேவையான உணர்வையும் விளைவையும் கேட்டு, செயலின் விபரத்தைக் கேளாமல் விடும் கட்டுப்பாட்டைப் பயிலுதல். போதைப்பொருளை விட முயலும் இளைஞன் எத்தருணத்தில் மீண்டும் நாடுகிறான் என்பது துணையாளருக்குத் தேவை. அவன் பணத்துக்காக யார் வீட்டில் என்ன செய்தான் என்பது பெரும்பாலும் தேவையில்லை. பிரித்தானியப் பாடநெறி எதுவும் இந்தக் கட்டுப்பாட்டைத் தனியாகக் கற்பிக்காது; ஆனால் எது தேவை, எது ஆர்வம் என்று பிரித்தறியும் பயிற்சியை நல்ல மேற்பார்வை தரும். ஆகவே மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி இருக்கிறதா என்பதைப் பாடநெறியின் பெயரைவிட முதலில் பார்க்க வேண்டும்.

தேர்வில் இறுதியாக நிற்பது தகுதியின் எல்லை. மருத்துவம் அறியாதவராக இருந்துகொண்டு மருத்துவம் செய்பவர், விளையும் கேட்டுக்குத் தாமே பொறுப்பாளி என்பது அபூதாவூதில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்து; சட்ட அறிஞர்கள் இதைக் கொண்டு ளமான் எனப்படும் நட்டஈட்டுப் பொறுப்பை வகுத்தனர். மாற்றுப் பாடநெறி இந்தப் பொறுப்பிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை. பிரித்தானியாவிலேயே அது பட்டதாரி அடிப்படைத் தகுதியை மட்டும் தருகிறது. சிகிச்சை உளவியலாளர், ஆலோசனை உளவியலாளர் முதலிய பெயர்கள் சட்டத்தால் காக்கப்பட்டவை, அவற்றுக்கு அதன் மேல் கலாநிதி நிலைப் பயிற்சி வேண்டும். இலங்கையில் சிகிச்சை உளவியலாளராகப் பணியாற்ற இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். அதற்கு இட்டுச்செல்லும் பட்டப்பின் பயிற்சி கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உள்ளது, பகுதிநேர இணையவழிப் பட்டம் அதற்கு மாற்றாகாது. எனவே இக்கரையிலிருந்து சேர்பவர் மூன்று வழிகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். ஆய்வும் கற்பித்தலும் நோக்கமெனின் ஆங்கில மொழியிலான மாற்றுப் பட்டம் பொருந்தும். பாடசாலையிலோ பிரதேச செயலகத்திலோ உளவளத்துணை நோக்கமெனின், தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனத்தின் உளவளத்துணை டிப்ளோமா போன்ற, நேரடிப் பயிற்சி கொண்ட உள்நாட்டுப் படிப்பு செலவிலும் பயனிலும் முந்தும். சிகிச்சையே நோக்கமெனின் பல ஆண்டுகளுக்கான திட்டமும், இரவுப் பேருந்தில் கொழும்புக்குப் போய்வரும் உடல்வலுவும், வீட்டாரின் ஒப்புதலும் தேவை. ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் பல்கலைக்கழகங்கள் அருகிலிருந்தும் இந்தத் தூரம் இன்னும் குறையவில்லை.

உளவியலால் ஆகக்கூடியதற்கும் ஓர் எல்லை உண்டென்பதை இந்நாட்டின் தற்கொலை வரலாறு நினைவூட்டுகிறது. 1995 இல் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவை எட்டி உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்த இலங்கையின் தற்கொலை விகிதம், அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. அக்குறைவை ஆய்வாளர்கள் முதன்மையாகத் தொடர்புபடுத்துவது கடும் நச்சுப் பூச்சிகொல்லிகளின் இறக்குமதித் தடையோடு, ஆலோசனை நிலையங்களின் பெருக்கத்தோடு அல்ல. வயற்கரையில் மருந்துப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமற்போனது பல உயிர்களைக் காத்தது. பர்ளு கிஃபாயாவின் பங்காளிகள் பலர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. பூச்சிகொல்லியைத் தடுத்த அதிகாரி, வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலுள்ள மருத்துவர், ஓதிப் பார்த்துவிட்டு ‘ஆஸ்பத்திரிக்கும் போங்க’ என்று சொல்லத் தெரிந்த லெப்பை ஆகியோர் ஏற்கெனவே அக்கடமையில் நிற்கின்றனர். மாற்றுப் பாடநெறி முடித்து அவர்களோடு வந்து சேர்பவர், எவரை எப்போது யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதை முதலிற் கற்றிருந்தால், ளமானுக்கு அஞ்சாமல் செய்யக்கூடிய வேலை ஊரில் அவருக்கு நிறைய இருக்கிறது.